விளக்கைப் போட்டால் ஏறிய முள்

போன மாதம் என் மாப்பிள்ளையின் காரில் இன்ஜின் சூட்டைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. தஞ்சாவூர் பைபாஸில் கண்ணாடி போட்ட பெரிய பட்டறை. கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, சென்சர் போய்விட்டது என்றார்கள். மாற்றினார்கள். மறுநாளே எரிந்தது. இன்னொரு சென்சர் மாற்றினார்கள். மறுபடி எரிந்தது. மூன்றாவது தடவை மாப்பிள்ளை என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "லைட்டு, ஏசியெல்லாம் போட்டா சூடு ஏறுதா, அணைச்சா இறங்குதான்னு பாத்தீங்களா சார்?"

அங்கிருந்த இன்ஜினியர் சிரித்தார். "அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்? லைட்டு போட்டா தண்ணி சுடுமா?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவர் என்னைக் கேலி செய்தது கூடப் பெரிதில்லை. இதே கேள்வியை ஒரு கிராமத்து அம்மாள் நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே, சிரிக்காமல், சரியான இடத்தில் கேட்டிருந்தார். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து, "மாமா, சும்மா இருங்க" என்றார். வெளியே வரும்போது அந்த இன்ஜினியர், "நீங்க எழுதிக் குடுங்க சார், நாங்க படிச்சுத் தெரிஞ்சுக்கறோம்" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் எழுதுகிறேன்.

என் பெயர் கலியமூர்த்தி. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நீடாமங்கலம் பக்கம் பம்புசெட் இன்ஜின் ரிப்பேர் செய்யும் கடையில் ஒன்பது வருஷம் இருந்தேன். அங்கே கற்றதில் பாதி பின்னால் உதவியது. மீதிப் பாதி காலை வாரிவிட்டது. வாரிவிட்ட பாதியில் முக்கியமானது பெயிண்ட். எங்கள் பக்கத்து இன்ஜின்கள் வயல் சேற்றில் நிற்பவை. மழைக்காலத்தில் வெற்று இரும்பை ஒரு வாரம் விட்டால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசி வேலை பெயிண்ட். போல்ட் தலை, தாங்கி, அடிப்பலகை என்று பிரஷ் போகிற இடமெல்லாம் அடித்துவிட வேண்டும். வெற்று இரும்பு தெரிந்தால் அந்தக் கடை முதலாளி, "ஏன்டா அம்மணமா விட்ருக்க?" என்று கத்துவார். அது கையோடு வந்த பழக்கமாகிவிட்டது.

பிறகு மன்னார்குடியில் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தேன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்த வயது. எனக்குப் பிறவியிலேயே ஒரு வியாதி உண்டு: கவலை. சக்கரத்து நட்டை முடுக்கிவிட்டு வீட்டுக்குப் புறப்படுவேன். பெரிய கோவில் தெப்பக்குளம் வரை போனதும் முடுக்கினேனா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பேன். பட்டறையில் எனக்கு 'ரிட்டன் டிக்கெட்' என்று பெயர். இவ்வளவு கவலைப்பட்டவன் கவலைப்படாமல் விட்ட ஒரே ஒரு போல்ட்டின் கதைதான் இது.

பட்டறையின் ஃபோர்மேன் ஞானமுத்து. தரங்கம்பாடிக்காரர், முன்பு பஸ் டிப்போவில் வேலை பார்த்தவர். அவரிடம் வேலை பார்ப்பது ஒரு தண்டனை. வண்டியில் என்ன கோளாறு என்று நாம் சொல்லக் கூடாது. "பேட்டரி வீக்கு சார்" என்றால் போச்சு. "பேட்டரி உங்கிட்ட வந்து சொல்லிச்சா? பாத்தத மட்டும் சொல்லு" என்பார். செல்ஃப் போட்டால் இன்ஜின் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொன்னால்தான் காது கொடுப்பார். அப்புறம் "எப்ப? காலையிலயா, ஓடி வந்தப்புறமா?" என்று கேட்பார். தெரியாது என்றால், "தெரிஞ்சுட்டு வா" என்று செய்தித்தாளை விரித்துவிடுவார். செய்தித்தாளுக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரியும். எத்தனையோ நாள் அந்தத் தாளைக் கிழித்துப் போடலாம் போலிருக்கும்.

இன்ஜின் இறக்கும்போது அவருக்கு ஒரு முறை இருந்தது. கழற்றும் ஒவ்வொரு வயரையும், குழாயையும், கம்பியையும் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். ஏற்றும்போது மாட்ட மாட்ட ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். சுவரில் ஒரு வரி பாக்கி இருந்தாலும் சாவியைத் தொட விடமாட்டார்.

காதர் பாய் கூத்தாநல்லூர்க்காரர். மன்னார்குடி ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டினார். சொந்த வண்டி, பெட்ரோல் அம்பாசிடர். பெட்ரோல் விலை ஏறிக்கொண்டே போன எழுபதுகளின் பின்பாதியில், டாக்ஸிக்காரர்கள் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்ற ஆரம்பித்தார்கள். காதர் பாயின் தம்பி துபாயிலிருந்து அனுப்பியதில்தான் அவருடைய டீசல் இன்ஜின் வந்தது. "தம்பி வெயில்ல நின்ன இன்ஜின் மூர்த்தி இது, பாத்து ஏத்து" என்று என்னிடம் சொன்னார்.

டீசல் இன்ஜின் கனம். தாங்கிகளை மாற்றி வெல்டிங் வைத்தோம். ரேடியேட்டரைத் தள்ளி வைத்தோம். சூட்டை உணரும் பித்தளைக் குமிழை இன்ஜினில் திருகி, அதன் வயரை டேஷ்போர்டில் இருக்கும் முள்ளுக்குக் கொடுத்தோம். இன்ஜின் உட்கார்ந்த அன்று ஃபோர்மேனுக்குத் தந்தி வந்தது. மகளுக்குப் பிரசவம். இருபது நாள் லீவில் தரங்கம்பாடி புறப்பட்டார். போகும்போது சுவரைக் காட்டி, "பாக்கி பதினோரு வரி. எல்லாம் அடிச்சப்புறம் குடு" என்றார்.

பதினோரு வரியையும் அடித்தேன். ஒவ்வொன்றையும் மாட்டிவிட்டுத்தான் அடித்தேன், பொய் இல்லை. இரண்டு தடவை திரும்பி வந்தும் பார்த்தேன். சேஸிஸுக்கு நல்ல கறுப்புப் பெயிண்ட், இன்ஜினுக்குச் சாம்பல் பெயிண்ட். காதர் பாய் சந்தனம் தடவி, ஊதுவத்தி காட்டி, சந்தோஷமாக எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் வந்தார். "மூர்த்தி, முள்ளு சிவப்புக்குப் போவுது."

ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் இருந்தது. முதலில் பித்தளைக் குமிழைச் சந்தேகப்பட்டேன். கழற்றி, டீக்கடைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்க வைத்து, வயரைக் கொடுத்துப் பார்த்தேன். ஆறிய தண்ணீரில் முள் கீழே, கொதித்தால் மேலே. சரியாகவே சொன்னது. இருந்தாலும் புதிது போட்டேன். மறுநாள் வந்தார். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்தேன். மறுநாளும் வந்தார். வாட்டர் பம்பை மாற்றினேன். மறுநாளும் வந்தார். இப்போது இன்னொரு புகாரும் சேர்ந்துகொண்டது: செல்ஃப் சரியாக எடுக்கவில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கிறது. டீசலுக்குப் பெரிய பேட்டரி வேண்டும், அது இல்லாததால் என்று நானே முடிவு கட்டினேன். பாருங்கள், ஃபோர்மேன் ஊரில் இல்லாதவுடன் பேட்டரி என்னிடம் வந்து சொல்லிவிட்டது.

பட்டறையில் நின்றால் முள் நடுவில் நிற்கும். ஸ்டாண்டுக்குப் போனாலும் நிற்கும். தூரம் போனால்தான் ஏறும், அதுவும் எல்லா நாளும் இல்லை. காதர் பாய்க்கும் பொறுமை போய்விட்டது. "நாளைக்குத் தஞ்சாவூர் சவாரி. நீயும் வா. உன் கண்ணால பாரு. பாக்காம நீ மாத்துன சாமான வெச்சே இன்னொரு வண்டி கட்டலாம்."

அந்தச் சவாரி யாருடையது என்று காலையில் ஸ்டாண்டுக்குப் போனதும்தான் தெரிந்தது. எட்டு மைல் தள்ளி ஒரு கிராமத்திலிருந்து ஐந்து குத்தகைக்காரர்கள். குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. சட்டம் வந்ததும் பண்ணையார்கள் பாதிப் பேர், "இவர்கள் குத்தகைக்காரர்களே இல்லை, கூலியாட்கள்" என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆட்சிக்கு எந்தக் கட்சி வந்தாலும் பண்ணையார் வீட்டு வாசலில் அந்தக் கட்சிக் கொடி இருக்கும். வழக்கு மட்டும் நகராது. இந்த ஐந்து பேரின் வழக்கு அன்று காலை பத்தரைக்குத் தஞ்சாவூர் வருவாய்க் கோர்ட்டில். போன வாய்தாவுக்கு அவர்கள் போய்ச் சேர முடியவில்லை. இன்றும் கூப்பிடும்போது இல்லையென்றால் எதிர்த்தரப்பு சொன்னதை ஒப்புக்கொண்டு முடித்துவிடுவார்கள். நிலம் கையை விட்டுப் போய்விடும். குறுவை அறுப்புக் கூலித் தகராறில் அன்று பஸ் மறியல். பஸ் இல்லை. விடியுமுன் மழையில் நடந்தே மன்னார்குடி வந்திருந்தார்கள்.

முன் சீட்டில் காதர் பாய், நடுவில் நான், ஓரத்தில் நாகம்மாள். புருஷன் செத்த பிறகும் அதே நிலத்தை உழுதுகொண்டிருந்தவர். மடியில் ஒரு பவுடர் டப்பா. அதற்குள் இருபது வருஷம் குத்தகை நெல் அளந்ததற்கான துண்டுச் சீட்டுகள். பின் சீட்டில் நான்கு ஆண்கள். அவர்களில் எல்லோருக்காகவும் பேசுகிறவர் சிங்காரவேலு. விவசாயச் சங்கத்துக்காரர், வாய் கத்தி மாதிரி.

கிளம்பும்போதே செல்ஃப் முனகியது. நால்வரும் இறங்கித் தள்ளினார்கள். "டாக்ஸின்னு சொன்னாங்க, மாட்டுவண்டி கெட்டது" என்றார் சிங்காரவேலு. மழை பிடித்துக்கொண்டது. காதர் பாய் வைப்பரைப் போட்டார், வெளிச்சம் போதாமல் விளக்கையும் போட்டார்.

வடுவூர் ஏரி வருவதற்குள் முள் சிவப்பைத் தொட்டது.

"பாத்தியா? பாத்தியா?" என்றார் காதர் பாய். வண்டியை ஓரம் கட்டினார். துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்தேன். சூடுதான், ஆனால் கொதிக்கவில்லை, ஆவி அடிக்கவில்லை. இருந்தாலும் கால் மணி ஆறவிட்டோம். செல்ஃப் எடுக்கவில்லை, நாலைந்து தடவை முயற்சி செய்துவிட்டுத் தள்ளினார்கள். அடுத்த தடவை இரண்டே மைலில் முள் ஏறியது. மறுபடி நின்றோம். மறுபடி தள்ளினார்கள். மூன்றாவது தடவை ஒரு மைல்கூட ஓடவில்லை.

இதென்ன கொடுமை, ஆறவிட ஆறவிட முன்னைவிட சீக்கிரம் ஏறுகிறது?

சிங்காரவேலு இறங்கி முன்பக்கம் வந்தார். சட்டை முழுக்கச் சேறு. "மெக்கானிக்கு, ஒண்ணு கேக்குறேன். எங்க பண்ணையார் கார் எந்தப் பட்டறையில நிக்கும்?"

"எங்க பட்டறையிலதாங்க" என்றேன். பொய் சொல்லத் தெரியவில்லை.

"அதானே பாத்தேன். போன வாய்தாவுக்கு வந்த வண்டி பஞ்சர். இந்த வாய்தாவுக்கு முள்ளு. பாய், நீங்களும் உண்டா இதுல?"

காதர் பாயின் முகம் செத்துப்போயிற்று. "அல்லா மேல ஆணையா இல்லைங்க. இன்ஜின் சூட்டுல இறுகிக் கட்டிச்சுன்னா எம் பொழப்பே போச்சுங்க. அதான் நிறுத்துறேன். தண்ணி கொதிக்கறப்ப ஓட்டுனா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாது."

"கொதிக்கவே இல்லையே அய்யா! தம்பி தொறந்து தொறந்து காட்டுதே! கொதிக்காத தண்ணிக்கு நாங்க எதுக்கு மழையில நிக்கணும்?"

நான் ரேடியேட்டர் மூடியைத் திருகி மூடினேன். மணி ஒன்பதே கால். பாதி வழிகூடத் தாண்டவில்லை.

தள்ளி, ஏறி, கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் முள் மறுபடி சிவப்பை நெருங்கியது. அப்போது மழை சட்டென்று விட்டது. வெயில் கூட எட்டிப் பார்த்தது. காதர் பாய் வைப்பரை அணைத்தார், விளக்கை அணைத்தார். நான் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பார்ப்பது? வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அது மெள்ள இறங்கியது. சிவப்பைவிட்டு வந்து நடுவுக்கு மேலே நின்றது.

ஓடுகிற இன்ஜின் அவ்வளவு சீக்கிரம் எப்படி ஆறும்?

"பாய், லைட்டப் போடுங்க" என்றேன்.

"வெயிலடிக்குதேப்பா."

"போடுங்களேன்!"

போட்டார். நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பது எண்ணுவதற்குள் முள் ஏறிவிட்டது. அணைக்கச் சொன்னேன். இறங்கியது. மறுபடி போடச் சொன்னேன், வைப்பரையும் சேர்த்து. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கிரீச் கிரீச் என்று தேய்த்தது. முள் சிவப்பில். பக்கத்திலேயே டீசல் அளவைக் காட்டும் முள் அசையக்கூட இல்லை.

நாகம்மாள் இதுவரை வாயைத் திறக்காதவர். தலையை நீட்டி முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, லைட்டு போட்டா தண்ணி சுடுமா?"

"சுடாதுக்கா."

"அப்ப இந்த முள்ளு என்னத்தச் சொல்லுது?"

அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. அது தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை. என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரில் மின்சாரம் வயர் வழியாகப் போகும், திரும்பி வர வயர் கிடையாது. வண்டியின் இரும்புடம்பு வழியாகவே திரும்பும். ஆனால் இன்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பது. அதையும் உடம்பையும் இணைக்க ஒரு பின்னல் செம்புப் பட்டை உண்டு. எர்த் பட்டை என்போம். சுவரில் ஒன்பதாவது வரி அது. மாட்டினேன், அடித்தேன். ஆனால் எதன் மேல் மாட்டினேன்? சேஸிஸில் அந்த போல்ட் உட்காரும் இடத்தில் முந்தின நாள்தான் இரண்டு கோட் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தேன், வெற்று இரும்பு தெரியக் கூடாது என்று. பம்புசெட்டில் அப்படி ஒரு பட்டையே கிடையாது. பெயிண்ட் வழியாக மின்சாரம் போகாது. போல்ட் மரையின் ஓரத்தில் உரசிக்கொண்டு ஏதோ கொஞ்சம் போய் வந்துகொண்டிருந்தது. செல்ஃபுக்கு அது போதவில்லை. விளக்கும் வைப்பரும் இழுத்த மின்சாரம் இன்ஜினில் இருக்கும் டைனமோவுக்குத் திரும்ப வழி தேடி முட்டியபோது, அதே இன்ஜினில் திருகியிருந்த குமிழின் கணக்கும் குழம்பி, முள் ஏறியது. டீசல் டேங்க் இன்ஜினில் இல்லை, வண்டியின் உடம்பில் இருக்கிறது, அதனால்தான் அதன் முள் அசையவில்லை. இன்னும் கொடுமை: நாங்கள் ஒவ்வொரு தடவை நிறுத்தி, செல்ஃப் போட்டுப் போட்டு பேட்டரியை வற்ற வைத்தோம். அதை நிரப்ப டைனமோ கூடுதலாக உழைத்தது. முள் கூடுதலாக ஏறியது. பயந்து நிறுத்தியதே அடுத்த பயத்துக்குக் காரணம்.

இதில் எதையும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பின்னால் நான்கு பேர், பண்ணையாரிடம் விலை போனவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். "நான் அடித்த பெயிண்ட்" என்று எப்படிச் சொல்வேன்? "பாய், முள்ளுதான் பொய் சொல்லுது. இன்ஜின் நல்லாருக்கு. நிறுத்தாம ஓட்டுங்க" என்றேன்.

"கட்டிச்சுன்னா?"

"கட்டாது."

"நீ சொல்ற, தம்பி. நீதான் நாலஞ்சு நாளா எல்லாத்தையும் மாத்துன."

நியாயமான பேச்சு. மழை மறுபடி இறங்கியது. வைப்பர் போடாமல் தீராது. முள் ஏறத் தொடங்கியது. காதர் பாயின் கால் தானாகவே பிரேக்குக்குப் போனது. அவர் பத்து வருஷம் அந்த முள்ளை நம்பி ஓட்டியவர். கால் அவர் பேச்சைக் கேட்காது.

நாகம்மாள் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார். அதன் முதுகில் சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவினார். என் மேலே சாய்ந்து, அந்த முள்ளின் கண்ணாடி மேல் அப்படியே ஒட்டிவிட்டார்.

"இப்ப ஓட்டு பாய். அது என்ன சொன்னா நமக்கென்ன?"

பின் சீட்டில் ஒருவர் சிரித்துவிட்டார். காதர் பாயும் சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை. வண்டி நிற்கவில்லை.

மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாக வந்தார்கள். எனக்குத்தான் அந்தப் பதினைந்து மைலும் நரகம். ஆவி வாடை வருகிறதா என்று மூக்கை நீட்டிக்கொண்டும், இன்ஜின் சத்தம் மாறுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டும் உட்கார்ந்திருந்தேன். என் கணக்கு தப்பென்றால் ஒரே நாளில் ஐந்து பேர் நிலமும் ஒருவர் இன்ஜினும் போய்விடும். வெற்றிலைக்குப் பின்னால் முள் எங்கே நின்றதோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

கோர்ட் வாசலில் நிறுத்தும்போது டவாலி பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நாகம்மாள் வண்டி நிற்பதற்குள் கதவைத் திறந்து, "இருக்கேன்! அஞ்சு பேரும் இருக்கோம்!" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அவகாசம் கேட்டாராம். வழக்கு ஒத்திவைப்பு. மழையில் அத்தனை தடவை தள்ளியது இதற்குத்தான். ஆனால் ஐந்து பேரும் ஆஜர் என்று எழுதிக்கொண்டார்கள். வழக்கு உயிரோடு இருந்தது.

அந்தக் கால் மணியில் நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். பக்கத்து டாக்ஸிக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி, போல்ட்டைக் கழற்றி, நாகம்மாள் சீட்டில் விட்டுப் போயிருந்த பாக்குவெட்டியால் பெயிண்டைச் சுரண்டினேன். இரும்பு பளிச்சென்று தெரியும் வரை சுரண்டிவிட்டுப் பட்டையை மாட்டினேன். காதர் பாய் சாவியைத் திருப்பினார். தொட்டவுடன் இன்ஜின் பிடித்தது.

சிங்காரவேலு பார்த்துக்கொண்டே வந்தார். "இவ்வளவு சுளுவா எடுக்குமா இது! என்ன கோளாறு?"

"எர்த் லூஸுங்க" என்றேன்.

"யாரு மாட்டுனது?"

நான் பாக்குவெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வண்டி காதர் பாயுடையது, அதனால் பழியும் அவர் பக்கம் போயிற்று. மன்னார்குடியில் இறங்கும்போது சிங்காரவேலு அவரிடம், "வேணும்னு செஞ்சீங்களோ வேணாம்னு செஞ்சீங்களோ பாய். இனிமே நடந்து போனாலும் போவோம், இந்த வண்டி வேணாம்" என்றார். ஒரே வாரத்தில் அந்தப் பக்கத்துக் கிராமங்களில் காதர் பாய் வண்டிக்குப் 'பண்ணையார் வண்டி' என்று பெயர் வந்துவிட்டது. ஸ்டாண்டில் சவாரிக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போய்ப் பின்னால் நின்ற வண்டியில் ஏறினார்கள். அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

ஃபோர்மேன் லீவு முடிந்து வந்தார். பேத்தி பிறந்திருந்தாள். சந்தோஷமாக இருப்பார், தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

"காதர் வண்டிக்கு என்ன?"

"எர்த் லூஸு சார்."

"நட்டு லூஸா இருந்துச்சா? கையால திரும்புச்சா?"

திரும்பவில்லை. இறுக்கமாக இருந்தது. நான்தானே முடுக்கியவன்.

செய்தித்தாள் விரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பாத்தத சொல்லு" என்றார்.

சொன்னேன். கெட்டில் முதல் வெற்றிலை வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெற்றிலைக்கு மட்டும் உதடு கொஞ்சம் அசைந்தது. டீசல் முள் ஆடவில்லை என்பதை முதல் நாளே பார்த்திருந்தால் இவ்வளவு சாமான் வீணாகியிருக்காது என்று திட்டினார். பிறகு, "லூஸுன்னு சொன்னா பழி வண்டி மேல. பெயிண்ட்டுன்னு சொன்னா உம் மேல. அதுக்குத்தானே லூஸுன்ன?" என்றார். எழுந்துபோய்ச் சுவரில் ஒன்பதாவது வரியில், 'எர்த் பட்டை' என்று இருந்ததற்குப் பக்கத்தில், 'சுரண்டி' என்று எழுதினார். அவ்வளவுதான். போய்ச் சொல் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மேல் கோபப்பட்டுக்கொண்டாவது போயிருப்பேன்.

மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த எட்டு மைலும் போனேன். வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றே யோசனை. கட்டி வைத்து அடிப்பார்களோ? பண்ணையார் ஆட்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இரண்டு தடவை சைக்கிளைத் திருப்பியும் விட்டேன். ரிட்டன் டிக்கெட் இல்லையா.

நாகம்மாளும் சிங்காரவேலுவும் களத்தில் இருந்தார்கள். நெல் நனைந்திருந்தது, பரப்பிக்கொண்டிருந்தார்கள். நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டேன். "அன்னிக்கு வண்டி நின்னதுக்குக் காதர் பாய் காரணமில்லைங்க. நான் அடிச்ச பெயிண்ட்டுதான். அன்னிக்கே தெரியும். சொல்லல."

சிங்காரவேலு கையில் இருந்த பலகையைக் கீழே போட்டார். "பண்ணையார் சொல்லி அடிச்சியா?"

"துருப்பிடிக்கக் கூடாதுன்னு அடிச்சேங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாகம்மாள் மெதுவாக, "இவனைப் பாத்தா யாராச்சும் ஒரு வேலைய நம்பிக் குடுப்பாங்களா, கெடுக்கறதுக்குக் கூட?" என்று கேட்டார். சிங்காரவேலு பலகையை எடுத்து நெல்லைத் தள்ளிக்கொண்டே, "ஸ்டாண்டுல வந்து பாய்கிட்ட நான் பேசிக்கறேன். நீ அடுத்த வாய்தாவுக்கு வண்டியில வரணும். நின்னா நீதான் தள்ளணும்" என்றார்.

சொன்னபடி ஸ்டாண்டுக்கு வந்து, எல்லா டிரைவர்களுக்கும் காது கேட்க, "பாய், எங்க வாய்தாவுக்கு வண்டி சொல்லியிருக்கேன், மறந்துறாதீங்க" என்றார். அதற்குப் பிறகு 'பண்ணையார் வண்டி' என்ற பேச்சு மெல்ல அடங்கியது.

வாய்தாவோ அடங்கவில்லை. நீதிபதி மாறினார், வக்கீலுக்குக் காய்ச்சல், வழக்குக் கட்டு காணோம், கட்டு கிடைத்தது, மறுபடி நீதிபதி மாறினார். பஸ் ஓடும் நாளில் பஸ்ஸில் போனார்கள். ஓடாத நாளில் காதர் பாய் வண்டி, நடு சீட்டில் நான். ஒரு பெயரைப் பதிவேட்டில் எழுத இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டவர்கள், நான் ஒரு பட்டையை மாட்டியதில் தப்புக் கண்டுபிடிக்க யோக்கியதை இல்லாதவர்கள் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே போய் வந்தேன்.

தீர்ப்பு நாளுக்கு மட்டும், பஸ் ஓடியும், காதர் பாய் வண்டிதான் வேண்டும் என்று நாகம்மாள் சொல்லிவிட்டார். ஐந்து பெயரும் பதிவேட்டில் ஏறின. சித்திரை மாதம், உச்சி வெயில். திரும்பி வரும்போது அவர் மடியில் அந்தப் பவுடர் டப்பா இருந்தது. முள்ளின் கண்ணாடி மேல் வெற்றிலைச் சுண்ணாம்பின் வெள்ளைத் தடம் அப்படியே இருந்தது. காதர் பாய் அதைத் துடைக்கவே இல்லை. வடுவூர் தாண்டியதும் நாகம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"முள்ளு எங்க நிக்குது, தம்பி?"

"நடுவுலக்கா."

"லைட்டப் போடச் சொல்லு, பாப்போம்."

காதர் பாய் விளக்கைப் போட்டார். கேட்காமலே வைப்பரையும் போட்டார். பின் சீட்டிலிருந்து நான்கு தலைகளும் முன்னால் நீண்டன. நான் எண்ணினேன். முப்பது, அறுபது, நூறு. முள் அசையவில்லை.

எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் கையை விரித்து மூடி, 'லைட்டு எரியுது, லைட்டு எரியுது' என்று காட்டிக்கொண்டே போனார்கள். காதர் பாய் ஒவ்வொருவருக்கும் தலையை ஆட்டினார். அணைக்கவில்லை. பட்டப்பகலில் விளக்கெரிய, காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கத்த, மன்னார்குடி வரை அப்படியே வந்து சேர்ந்தோம்.